வியாசர்பாடியும் புழலும்: அயல்நாட்டுப் போர்கள் சென்னையில் குடிவைத்த மக்கள்

போர் மூண்ட நாட்டிலிருந்து மக்கள் பாதுகாப்பைத் தேடிப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. போன இடத்தில் எந்தத் தெருவில், எத்தனை ஆண்டுகள், யாருடைய நிலத்தில் தங்குவார்கள் என்பதைப் பாதுகாப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. சென்னையின் கடந்த நூறாண்டு வரலாறு இதற்கு நல்ல சான்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழ் பேசும் மக்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் இந்நகருக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வியாசர்பாடியில் சொந்த வீட்டுக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள். பின்னால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் இன்னும் முகாம் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். இழப்பின் அளவில் இரு கூட்டத்தாரையும் ஒப்பிடுவது வீண் வேலை. வேறுபாடு தொடங்கிய இடம் கரை. இறங்கியவர் கையில் இருந்த தாளை அரசு எப்படிப் படித்தது என்பதே அவர் எங்கே வாழ்வார் என்பதை முடிவு செய்தது என்று இந்த ஆய்வு வாதிடுகிறது.

நகரமே காலியான தருணங்கள்

சென்னைக்குத் தானே காலியான அனுபவமும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை நெருங்கி வந்து பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள்மீது குண்டு பொழிந்தது. தாக்குதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனாலும் அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பினர். 1942 ஏப்ரலில் அச்சம் இன்னும் பெரிது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அவசியப் பணியில் இல்லாதவர்கள் வெளியேறும்படி மாகாண அரசு அறிவுறுத்தியது. அரசு அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று அஞ்சி உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். 1941 இல் 7.77 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1951 இல் 14.16 லட்சமாகியது. 1946 இல் சைதாப்பேட்டை முதலிய பகுதிகள் நகரோடு சேர்க்கப்பட்டதும் இந்த உயர்வில் அடங்கும் என்றாலும், போர் அச்சம் நகரின் வளர்ச்சியில் ஒரு சிறு தடங்கலாக மட்டுமே நின்றது தெளிவு. பூட்டிவிட்டுப் போன வீடு பூட்டியபடியே இருந்தது, பத்திரம் செல்லுபடியானது, அரசும் அதே அரசு. இந்த மூன்றும் இருக்கும்வரை ஓட்டம் தற்காலிகமானதுதான். மூன்றில் ஒன்று போனாலும் கதை மாறிவிடும் என்பதை அதே 1942 இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் கண்டார்கள்.

ரங்கூனிலிருந்து பாரிமுனைக்கு

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். எனவே ரங்கூனுக்குப் போவது அன்றைய தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கு வெளிநாட்டுப் பயணமே அல்ல; வயிற்றுப்பாட்டுக்குக் கப்பல் ஏறுவது, அவ்வளவுதான். 1931 கணக்கெடுப்பின்போது பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தனர். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்களே. துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் தெலுங்கரும் தமிழரும் உழைக்க, ஐராவதி வடிநிலத்தின் விவசாயத்துக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930 களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியபோது, முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. பின்னாளில் அவர்கள்மீது வந்த கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது. லேவாதேவி செய்தவரையும் மூட்டை தூக்கியவரையும் அந்தக் கோபம் பிரித்துப் பார்க்கவில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு போட்டனர். கப்பலில் இடம் பிடிக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டியிருந்ததால், இல்லாதவர்கள் நடந்தார்கள். டவுங்குப் கணவாய் வழியே அரக்கான் கரைக்கும், தாமு வழியே இம்பாலுக்கும், கடைசியில் யாரும் போகத் துணியாத ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியே அசாமின் லேடோவுக்கும் சென்ற அந்த நெடும்பயணத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குள் வந்தனர். காலராவாலும் பசியாலும் மழைக்காலச் சேற்றிலும் பல பத்தாயிரம் பேர் வழியிலேயே மாண்டனர்.

இதற்குப் பிறகும் 1945 க்குப்பின் அவர்களில் பலர் பர்மாவுக்குத் திரும்பினார்கள் என்பது இன்றைய வாசகருக்கு வியப்பாகத் தோன்றலாம். நிலமும் கடையும் அங்கேதான் இருந்தன. பத்திரம் கையில் இருந்தது. ஆனால் அரசு மாறிவிட்டது. 1948 இல் விடுதலை பெற்ற பர்மா அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1949 தொடக்கத்தில் கரேன் இனத்தவரின் கிளர்ச்சி ரங்கூனின் விளிம்பில் இருந்த இன்செயின் வரை வந்தது. கிராமப்புறத்தில் இருந்த இந்தியர்கள் கணக்குப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு நகருக்குள் ஒதுங்கினார்கள். 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 இல் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. வீட்டில் சேமிப்பு வைத்திருந்த வியாபாரிக்கு இந்த இரண்டாவது அடி முதலாவதைவிடப் பலமானது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினர். கழுத்திலும் காதிலும் இருந்ததுகூட ரங்கூன் துறைமுகச் சோதனையில் தப்பவில்லை.

இவர்களில் ஒரு சிறு கூட்டம் பின்னாளில் தரைமார்க்கமாகப் பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டது. அங்காள பரமேசுவரி கோயிலும் தமிழ்ப் பள்ளியும் கொண்ட தமிழ்க் குடியிருப்பு இன்றும் அங்கே உண்டு.

பெரும்பான்மையோர் கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார்கள். தமிழ்நாடு அரசின் கணக்கில் 1963 முதல் வந்தவர்கள் ஏறத்தாழ 1.44 லட்சம் பேர். அரசு அவர்களை அகதிகளாக எழுதவில்லை. தாயகம் திரும்பியோர் என்று எழுதியது. மற்ற எல்லாம் இந்த ஒரு பதிவிலிருந்து கிளைத்தன: வீட்டு மனை, தொழில் கடன், வேலைவாய்ப்பில் முன்னுரிமை, வாக்குரிமை. இவர்களுக்கும் இலங்கையிலிருந்து 1964 ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கும் கடன் கொடுப்பதற்கென்றே 1969 இல் ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. ரெப்கோ வங்கி என்ற பெயரில் அது இப்போதும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. திருச்சி, மதுரை, காரைக்குடி, தஞ்சாவூர் என்று பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. சென்னையில் வியாசர்பாடி அவர்களின் முக்கிய இடமானது.

வியாசர்பாடிக்கு ஏன் வந்தார்கள் என்ற கேள்வி ஆராயத்தக்கது. முன்னோரின் ஊருக்குப் போனவர்களுக்கு அங்கே நிலம் இல்லை. பங்காளிகள் இருந்தார்கள், பங்கு இல்லை. மேலும் மூன்று தலைமுறையாக ரங்கூனில் துறைமுகத்தையும் கடைத்தெருவையும் பார்த்தவர்களுக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. அவர்கள் கையிலிருந்த தொழிலுக்குத் துறைமுக நகரம் வேண்டும். வடசென்னையோ தாழ்வான நிலம், மழை வந்தால் தண்ணீர் நிற்கும், ஆகவே மலிவு. ஆலைகளும் துறைமுகமும் பக்கத்திலேயே. அரசு மனை கொடுத்த இடமும் தொழில் இழுத்த இடமும் ஒன்றாகப் பொருந்தியது தற்செயல் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொருத்தம் இல்லாத ஊர்களில் காலனிகள் மெலிந்து, மக்கள் மீண்டும் சென்னைக்கே வந்தார்கள்.

1969 இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி இராஜாஜி சாலை நடைபாதையில் பர்மா பஜார் உருவானது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது; கப்பலிலிருந்து நேர்வழியிலும் குறுக்குவழியிலும் இறங்கிய வாசனைத் திரவியம், டார்ச் விளக்கு, டேப் ரிக்கார்டர் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்கடைகளில் கிடைத்தன. தாராளமயத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கின் மவுசு குறைந்து, கடைகள் குறுந்தகட்டுக்கும் பிறகு கைப்பேசிக்கும் மாறின. பல கடைகள் கைமாறி, இன்று கல்லாவில் இருப்பவருக்கு ரங்கூனோடு ஒரு தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். பர்மாவிலிருந்து வந்தவர்களின் சுவடு அதிகம் தங்கியது சாப்பாட்டில்தான். மாலை மயங்கியதும் செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடும். மஞ்சள் நூடுல்ஸை அள்ளி அகலக் கிண்ணத்தில் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை எல்லாம் சேர்த்து, கடைக்காரர் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூடவே ஒரு குவளை வாழைத்தண்டு சூப். அலுவலகம் விட்டுக் கடற்கரை நிலையத்துக்கு நடக்கிற குமாஸ்தாவுக்கு இது இப்போது மெட்ராஸ் தின்பண்டம். பிழைக்க வந்தவரின் அடுப்பு ஊரின் அடுப்பாக மாறுவதற்கு முன்னால், அவர் வண்டி போடும் இடத்தில் அவரைத் துரத்தாமல் இருக்க வேண்டும். தாயகம் திரும்பியோருக்கு அந்தக் காப்பு இருந்தது.

இலங்கையின் உள்ளே நகர்ந்த மக்கள்

இலங்கைப் போர் அந்தத் தீவின் குடியிருப்பை எப்படி மாற்றியது என்று பார்க்காமல் சென்னைக்கு வந்தவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1981 க்குப் பிறகு தீவு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012 இல்தான் நடந்தது. 1991 இல் நடக்கவே இல்லை. 2001 இல் வடக்கு கிழக்கின் பெரும்பகுதி விடுபட்டது. முப்பத்தோரு ஆண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட இந்த இரு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போர் எழுதிய வரைபடம் தெரியும். தீவின் மக்கள்தொகை 148 லட்சத்திலிருந்து 203 லட்சமாகக் கூடியது. யாழ்ப்பாண மாவட்டமோ, இன்றைய எல்லைப்படி, 7.38 லட்சத்திலிருந்து 5.83 லட்சமாகக் குறைந்தது. தீவின் வேகத்திலேயே வளர்ந்திருந்தால் அது பத்து லட்சத்தைத் தொட்டிருக்கும். இந்திய கரைக்கு மிக அருகில் உள்ள மன்னார் மாவட்டமும் 1.06 லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது.

வவுனியா இதற்கு நேர்மாறு: 95 ஆயிரம் 1.72 லட்சமானது. இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் பகுதிக்கும் நடுவில் சோதனைச்சாவடி நகரமாக நின்றதால், புலிகளின் கையிலிருந்த வன்னிப் பகுதியிலிருந்து தெற்கே வந்தவர்கள் பாஸ் என்ற பயண அனுமதிச் சீட்டு கிடைக்காமல் அங்கேயே தேங்கினார்கள். தேங்கிய கூட்டத்தை நம்பிக் கடைகளும் தனியார் வகுப்புகளும் வந்தன. பிறகு அது ஊராகிவிட்டது. புத்தளம் மாவட்டம் ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் பெருத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் துரத்தப்பட்டு, பெரும்பாலோர் புத்தளத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே குடியேறினர். சென்னையில் ஈழத்தைப் பற்றிப் பேசும் மேடைகள் இதைப் பேசுவதில்லை. குடியிருப்பு மாற்றத்தை ஆராய்பவர் இதை விட்டுவிட முடியாது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் கிழக்கே உள்ள தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் ஓர் அக்டோபர் 30. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கு பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 இல் கையெழுத்தானதும் அக்டோபர் 30. நாட்காட்டியின் தற்செயல்தான் என்றாலும், தீவின் தமிழ் பேசும் மக்கள் மூன்று முறை இடம் மாற்றப்பட்ட கதையை இந்த ஒரு தேதியை வைத்தே சொல்லிவிடலாம்.

படகில் வந்தவர், விமானத்தில் வந்தவர்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் நான்கு அலைகளாக வந்ததாக அரசு கணக்கிடுகிறது: 1983 முதல் 1987 வரை; இந்திய அமைதிப்படை திரும்பிய காலத்தை ஒட்டி 1989 முதல் 1991 வரை; 1996 முதல்; 2006 முதல். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல். மன்னாரின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இரவில் படகேறி, முப்பது கிலோமீட்டர் கடலைக் கடந்து, சில சமயம் நடுவில் உள்ள மணல் தீடைகளில் இறக்கிவிடப்பட்டு, தனுஷ்கோடியில் கரை சேர்ந்தவர்கள் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டார்கள். அந்த முகாமே ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை மருத்துவச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம். அங்கிருந்து லாரிகளிலும் பேருந்துகளிலும் மாநிலம் முழுவதும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அவர்களை அனுப்பினார்கள். புழலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வந்த குடும்பங்கள் சென்னையைத் தேர்ந்தெடுத்து வந்தவை அல்ல. அன்று எந்த முகாமில் இடம் இருந்ததோ அங்கே இறக்கப்பட்டவை.

கொழும்பிலிருந்து மீனம்பாக்கத்துக்கு விமானத்தில் வந்தவர்களின் வழி வேறு. கடவுச்சீட்டும் பயண விசாவும் இருந்ததால் அவர்கள் முகாமுக்குப் போக வேண்டியதில்லை; காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வாடகைக்கு வீடு பார்த்தார்கள். வளசரவாக்கம், விருகம்பாக்கம், கோடம்பாக்கம் பகுதிகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புதிதாக எழுந்த இரண்டு மாடி வீடுகளின் மேல்தளங்களில் யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் குடியேறியது. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் மகன் பணம் அனுப்புவான்; இங்கே தாயும் தங்கையும் விசாவுக்குக் காத்திருப்பார்கள். வீடு பார்க்கும்போது நடக்கும் உரையாடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "சிலோன்காரங்களா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். "ஓம் அக்கா, நாங்கள் நாலு பேர்தான். விசா வந்தவுடனை போயிடுவம்." "அட்வான்ஸ் பத்து மாசம். போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு வந்துடுங்க." போய்விடுவோம் என்று சொன்னவர்களில் சிலர் ஆறு மாதத்தில் போனார்கள், சிலர் அதே தெருவில் வீடு வீடாக மாறிப் பேரன் பேத்தி எடுத்தார்கள்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்த இரு வழிகளும் இறுகின. மேல்தளத்தைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் அநேகம். முகாமில் கியூ பிரிவு என்னும் உளவுப் போலீசாரின் கண்காணிப்பு கூடியது. 1992 முதல் பல்லாயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்டறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் அதே ஆண்டில் சென்னையில் அலுவலகம் திறந்தது. போரின் நிலவரம் அங்கே மாறவில்லை. ஊரின் மனநிலை இங்கே மாறியது, மக்கள் நகர்ந்தார்கள்.

2021 இல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே பதிவு செய்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தனர். முகாம் வீடு என்பது பல இடங்களில் பத்துக்குப் பத்து அறை. நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, மணமான மகனுக்கு அரை அறை ஒதுக்குவார்கள். குறிப்பிட்ட நாளில் அதிகாரி வந்து ஆள் எண்ணும்போது குடும்பத்தார் நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணக்கொடை நின்றுபோகலாம், பெயர்கூட நீக்கப்படலாம். ஆண்கள் பெரும்பாலும் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். தொலைவில் வேலை கிடைத்தாலும் எண்ணும் நாளுக்குள் திரும்ப வேண்டியிருப்பதால், அவர்களின் வேலைச் சந்தையின் எல்லையை முகாமின் வருகைப் பதிவேடே வரைகிறது. புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களுக்குச் சென்னை கைக்கெட்டும் தூரம் என்பதால் உள்மாவட்ட முகாம்களைவிட இங்கே பிழைப்பு ஒருபடி மேல். அந்த ஒருபடிக்காகவே முகாம் மாற்றம் கேட்டு மனு கொடுப்பவர்கள் உண்டு.

ஒரே குடும்பம், இரண்டு சட்டங்கள்

தாளின் வலிமையை மலையகத் தமிழரிடம் பார்ப்பதுபோல வேறெங்கும் பார்க்க முடியாது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களாக இருந்த 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது, எஞ்சிய 1.5 லட்சத்தை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அதன்படி வந்த நாலரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பர்மாக்காரர்களைப் போலவே தாயகம் திரும்பியோர் ஆனார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 இல் நீலகிரியில் தொடங்கப்பட்டதுதான் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். ஒப்பந்தத்தில் வராமல் அங்கேயே தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1977 கலவரத்தில் அடிபட்டுத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். போர் அங்கும் வந்ததும் மன்னாருக்கு ஓடிப் படகேறினார்கள். எழுபதுகளில் முறையான கப்பலில் இராமேசுவரம் வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். 1990 இல் படகில் தனுஷ்கோடிக்கு வந்த தம்பி அகதி. இருவரின் பாட்டனும் ஒரே கிராமத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்.

குடியுரிமைச் சட்டத்தின் தேதிகள் இதைவிட நுட்பமாக வெட்டுகின்றன. 1987 ஜூலை 1 க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். எனவே 1986 இல் மண்டபத்தில் பிறந்த அக்காவுக்குக் கடவுச்சீட்டு கேட்கும் உரிமை உண்டு. 1988 இல் அதே முகாமில் பிறந்த தம்பிக்கு இல்லை. 1986 இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோதுதான் முகாம்களில் பலர் தம் பிறந்த தேதியைப் புதிய கண்ணோடு பார்த்தார்கள். 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். திரும்பியவர்கள் சில ஆயிரம் பேரே. வன்னியின் கடைசிக்கட்டத்தில் தப்பிய கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் முதலில் மெனிக் பண்ணை முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பண்ணை 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. 1990 முதல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த வலிகாமம் வடக்கின் நிலம் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டது. மலையகத்திலிருந்து வந்தவருக்குத் திரும்புவதற்கென்று அங்கே ஒரு துண்டு நிலமும் இருந்ததில்லை. புழலில் பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்து, சென்னைத் தமிழ் பேசும் பிள்ளைக்கு மன்னார் என்பது அம்மம்மா சொல்லும் ஊர்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, 7,469 பழுதடைந்த வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது. குடும்பத் தலைவரின் மாதப் பணக்கொடையை 1,500 ரூபாயாக்கியது. கான்கிரீட் கூரையும் தனிக் கழிப்பறையும் சாதாரண விஷயம் அல்ல. முப்பது ஆண்டு தார்ப்பாயின் கீழ் இருந்தவரைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர் அந்த வீட்டை விற்க முடியாது, அடமானம் வைத்து மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்க முடியாது. பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துக்கு அறுபதுகளில் மனையும் கடனும் சேர்ந்து கிடைத்தன. அதனால்தான் அவர்களின் பிள்ளைகள் வியாசர்பாடியை விட்டு அண்ணா நகருக்கோ பெங்களூருக்கோ நகர முடிந்தது. இடம் மாறுவதற்கும் ஒரு முதல் வேண்டும்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்திருக்கிறது. குடியுரிமையைப் பற்றி அது பேசவில்லை. 2022 இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, பால் மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது, போர்க்காலப் படகு வழியே மீண்டும் தனுஷ்கோடியில் வந்து இறங்கி மண்டபத்தில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள் அந்த ஆணையின் தேதிக்கு வெளியே நிற்கின்றன.